பனியன் கம்பெனிச் சுவரில் லிவிங்ஸ்டன்

பையர் ரூமை அலங்கரிக்க 19-ம் நூற்றாண்டுப் பயணிகளின் படங்களை வாங்கி மாட்டுகிறது திருப்பூர். ஆனால் இந்த மண்ணில் நடந்து, இந்த மலையில் ஏறி, இந்தச் செடியைப் பார்த்து வரைந்த படங்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்குள் போய்ப் பாருங்கள். எந்த அறை யாருக்கானது என்பதைச் சுவரில் தொங்கும் படமே சொல்லிவிடும். வாசலில் பிள்ளையார். முதலாளி அறையில் மகாலட்சுமி, குலதெய்வம், கம்பெனியைத் தொடங்கிய அப்பாவோ தாத்தாவோ சந்தன மாலையோடு. மெர்ச்சண்டைசர்கள் உட்காரும் ஹாலில் ஷிப்மென்ட் தேதி எழுதிய வெள்ளைப் பலகையும் சிவகாசி காலண்டரும். மாடியில் பையர் உட்காரும் அறைக்குப் போனால் மட்டும் தேசமே மாறிவிடும். பழுப்பேறிய உலக வரைபடம், பாய்மரக் கப்பல், ஒட்டக வரிசை, தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பயணி. இன்டீரியர் டிசைனர்களின் பாஷையில் இதற்கு ‘விண்டேஜ் லுக்’ என்று பெயர்.

அப்படி ஓர் அறையில் பார்த்தது, 1871-ன் கடைசியில் தாங்கனிக்கா ஏரிக்கரையில் உஜிஜி என்ற ஊரில் ஆப்பிரிக்கப் பயணிகள் ஸ்டான்லியும் லிவிங்ஸ்டனும் சந்திக்கும் படம். இருவரும் தொப்பியைத் தூக்குகிறார்கள்; சுற்றிலும் ஊரே திரண்டு நிற்கிறது. ஸ்டான்லி 1872-ல் வெளியிட்ட புத்தகத்தின் வழியாக உலகம் முழுக்கப் போன காட்சி இது. “யாருங்க இவங்க?” என்று கேட்டதற்கு, “தெரியலைங்க, டிசைனர் மாட்டிட்டுப் போனாருங்க. ரூமுக்கு எடுப்பா இருக்குதுங்களே” என்றார் உரிமையாளர். எடுப்பாகத்தான் இருந்தது. யாரென்று தெரிந்திருந்தால் அவரே பையரிடம் பத்து நிமிடம் பேசியிருப்பார்.

ஏனென்றால் டேவிட் லிவிங்ஸ்டன் நம் தொழில்காரர். 1813-ல் ஸ்காட்லாந்தின் பிளான்டைரில் பிறந்தவர், பத்து வயதில் அங்கிருந்த பஞ்சாலைக்கு வேலைக்குப் போனார். அறுந்த இழையைப் பிடித்து முடி போடும் பையன் வேலை. காலை ஆறு மணி முதல் இரவு எட்டு மணி வரை. நூற்கும் எந்திரத்தின் மேலேயே புத்தகத்தை விரித்து வைத்து, அந்தப் பக்கம் போகும்போது ஒரு வரி, இந்தப் பக்கம் வரும்போது ஒரு வரி என்று படித்தவர். முதல் வாரச் சம்பளத்தில் லத்தீன் இலக்கணப் புத்தகம் வாங்கினார். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்த அனுபவம் உள்ள குடும்பங்கள் நிறைந்த ஊர் திருப்பூர். அந்தப் பையனை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

பிறகு அவர் போன பயணத்திலும் பஞ்சு உண்டு. 1858-ல் தொடங்கிய ஜாம்பேசி ஆற்றுப் பயணத்தின் நோக்கங்களில் ஒன்று, ஆப்பிரிக்காவில் பருத்தி பயிரிட வழி காண்பது. அமெரிக்காவில் அடிமைகள் பறித்த பஞ்சில்தான் லங்காஷயர் மில்கள் ஓடிக்கொண்டிருந்தன. சுதந்திர மனிதர்கள் விளைவித்த பஞ்சு கிடைத்தால் அடிமை வியாபாரம் தானாகச் சாகும் என்று அவர் நம்பினார். படத்தில் எதிரே நிற்கும் ஸ்டான்லியின் கணக்கு வேறு. 1884-ல் மான்செஸ்டர் வர்த்தக சபையில் பேசும்போது, காங்கோவின் கோடிக்கணக்கான மக்களுக்கு ஆளுக்கு ஓர் உடுப்பு என்றால் எத்தனை கஜம் துணி விற்கும் என்று ஆலை முதலாளிகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். அடுத்த ஆண்டு காங்கோ, பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் சொந்தச் சொத்தாகிவிட்டது. அதன்பின் அங்கே நடந்த கொடுமைகளை உலகம் அறியும். ஆக, அந்தப் படத்தில் கைகுலுக்க நிற்கும் இருவரில் ஒருவர் மில் பையன், இன்னொருவர் துணிச் சந்தைக்கு ஆள் பிடித்தவர். ஜவுளி ஊரில் மாட்டுவதற்கு இதைவிட விவகாரமான படம் கிடைப்பது கஷ்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லிவிங்ஸ்டன் 1873-ல் ஆப்பிரிக்காவின் உள்நாட்டில் இறந்தபோது, அவர் உடலைப் பதப்படுத்தி, சுமார் 1,500 கிலோமீட்டர் சுமந்து கடற்கரைக்குக் கொண்டுவந்தவர்கள் சூசி, சூமா என்ற இரண்டு உதவியாளர்களும் அவர்களோடு இருந்த சுமையாட்களும். சூமா சிறு வயதில் பம்பாயில் மிஷன் பள்ளியில் படித்தவர். கூடவே வந்த ஜேக்கப் வெயின்ரைட் நம் நாசிக்கில், விடுவிக்கப்பட்ட அடிமைச் சிறுவர்களுக்கான பள்ளியில் படித்தவர். 1874 ஏப்ரலில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த இறுதிச் சடங்கில் சவப்பெட்டியோடு நடந்தவர். அலங்காரத்துக்கு விற்கும் படங்களின் கீழே இந்தப் பெயர்களைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பயணியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். படத்தை உண்டாக்கியவர்களும் பயணத்தைத் தூக்கிச் சுமந்தவர்களும் கூட்டத்தில் கரைந்துபோவார்கள்.

கோவைக்கு வந்த வைட்

ஆப்பிரிக்காவை விடுவோம். அன்றைய கோயம்புத்தூர் ஜில்லாவுக்கே, அதாவது இன்றைய கோவையும் திருப்பூரும் நீலகிரியும் ஈரோட்டின் பெரும்பகுதியும் சேர்ந்த நிலத்துக்கே, ஆராய்ச்சிப் பயணிகள் வரிசையாக வந்திருக்கிறார்கள். 1800-ல் பிரான்சிஸ் புக்கானன், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் உத்தரவில் மைசூரிலிருந்து இறங்கி, தாராபுரம், கோவை, பொள்ளாச்சி என்று சுற்றி, மண், கிணறு, பருத்தி, தறி, நெசவாளி கூலி வரை எழுதிக்கொண்டார். 1807-ல் மூன்று பெரிய தொகுதிகளாக அது வெளிவந்தது. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரி ஏறினார். அவர் திறந்துவிட்ட மலைக்கு 1835-ல் வந்து தங்கிய கேப்டன் ரிச்சர்ட் பாரன் வரைந்த காட்சிகளை 1837-ல் லண்டனில் ராபர்ட் ஹாவெல் வண்ண அச்சாக வெளியிட்டார். ஆடுபானின் புகழ்பெற்ற அமெரிக்கப் பறவைப் படங்களைச் செதுக்கி அச்சிட்ட அதே ஹாவெல்தான்.

இவர்கள் எல்லாரையும்விடத் திருப்பூருக்கு நெருக்கமானவர் ராபர்ட் வைட். 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர். செடிப் பைத்தியம். தென்னிந்தியா முழுக்க அலைந்து ஆயிரக்கணக்கில் செடிகள் சேகரித்தார். 1842-ல் கம்பெனி அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது: கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்ப்பது. மான்செஸ்டருக்கு அமெரிக்காவை மட்டும் நம்பியிருக்கப் பிடிக்கவில்லை. இந்தியாவில் நீள இழைப் பஞ்சு விளைந்தால் நல்லது என்று கம்பெனியை நெருக்கிக்கொண்டிருந்தது. அமெரிக்காவிலிருந்து தோட்டக்காரர்கள், விதை, ரம்பப் பல் வைத்த ஜின்னிங் எந்திரம் எல்லாம் வந்து இறங்கின. பதினோரு ஆண்டுகள் வைட் மல்லுக்கட்டினார். எந்த மழைக்கு விதைப்பது என்பதிலிருந்து எல்லாவற்றிலும் சர்ச்சை. தார்வாரில் பிடித்த அமெரிக்கப் பருத்தி கோவையில் பிடிக்கவில்லை. 1853-ல் கடையைக் கட்டிவிட்டு அவர் ஊருக்குப் போனார். அமெரிக்க இனத்தின் உறவான கம்போடியாப் பருத்தி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து, நம் தோட்டக்காலில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிறகுதான் கோவை மில்களின் காலம் பிறந்தது. மில் நூலிலிருந்து பின்னல், பின்னலிலிருந்து பனியன், பனியனிலிருந்து ஏற்றுமதி.

பருத்தியில் தோற்ற வைட், செடிப் படத்தில் ஜெயித்தார். லண்டனில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடச் செலவு கட்டுப்படியாகாது என்று கண்டு, சென்னையிலேயே கல்லச்சில் இறங்கினார். அந்த வித்தையைத் தானே கற்றார். 1838 முதல் 1853 வரை பகுதி பகுதியாக வந்த அவருடைய ‘ஐகோனஸ்’ ஆறு தொகுதிகளில் மொத்தம் 2,101 படங்கள். வண்ணம் தீட்டிய ‘இல்லஸ்ட்ரேஷன்ஸ்’, நீலகிரிச் செடிகளுக்கென்றே ‘ஸ்பிசிலேஜியம்’ ஆகியவை தனி. ‘ஐகோனஸ்’ முதல் தொகுதியிலேயே பருத்திச் செடி இருக்கிறது. இலையும் பூவும் காயும் விதையும், பக்கத்தில் பிரித்துக் காட்டிய உறுப்புகளும்.

வரைந்தவர் வைட் இல்லை. 1820-களின் பிற்பகுதியிலிருந்து 1845 வரை ரங்கையா. அதன்பின் 1853 வரை கோவிந்து. இருவருமே தென்னிந்திய ஓவியர்கள். பல படங்களின் அடி ஓரத்தில் பொடி எழுத்தில், ஒரு மூலையில் வரைந்தவரின் பெயரும் மறு மூலையில் கல்லில் ஏற்றிய டம்ஃபியின் பெயரும் இருக்கும். கம்பெனி காலத்தில் எத்தனையோ இந்திய ஓவியர்கள் துரைமார்களுக்கு வரைந்து கொடுத்தார்கள். பெரும்பாலோர் பெயர் இல்லாமலே போய்ச் சேர்ந்தார்கள். வைட் பெயரைப் போட்டார். ஒருபடி மேலே போய், ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயியா’ என்று தன் ஓவியரின் பெயரைச் சூட்டினார். பிற்காலத் தாவரவியலாளர்கள் அதை ட்ரோபிடியா பேரினத்துக்குள் சேர்த்துவிட்டதால் அந்தப் பெயர் இப்போது வழக்கில் இல்லை. இந்த இருவரின் மூலச் சித்திரங்கள் எடின்பரோ ராயல் பொட்டானிக் கார்டனில் பத்திரமாக இருக்கின்றன. அங்குள்ள ஹென்றி நோல்ட்டி 2007-ல் வைட், ரங்கையா, கோவிந்து மூவரையும் தலைப்பிலேயே வைத்து நூல் வெளியிட்டார். ஸ்காட்லாந்தில் ஒருவர் அக்கறையோடு செய்த வேலை. கோவையில் வைட்டின் பெயரை ஆராய்ச்சியாளர்கள் அறிவார்கள். வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தின் உலர் தாவரத் தொகுப்பில் அவர் சேகரித்த செடிகளும் உண்டு. வீட்டுச் சுவருக்கு அவர் இன்னும் வந்து சேரவில்லை.

உடுமலைக்கு மேலே

திருப்பூர் மாவட்டத்தின் தெற்கு எல்லை ஆனைமலை. சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலர் ஹியூ கிளெக்ஹார்ன் 1858-ல் ஆனைமலையின் உயரமான பகுதிக்கு ஒரு குழுவோடு ஏறினார்; அந்தப் பயணக் குறிப்பு 1861-ல் எடின்பரோ ராயல் சொசைட்டியின் ஏட்டில் வந்தது. அதே மலைகளில் தேக்கு வெட்டும் பொறுப்பில் இருந்த டக்ளஸ் ஹாமில்டன் நல்ல கைத்திறன் உள்ளவர். 1860-களில் அரசாங்கம் கேட்டு ஆனைமலை, பழனிமலை, சேர்வராயன் மலைக் காட்சிகளை அடுக்கடுக்காக வரைந்து கொடுத்தார். உடுமலையிலிருந்து தெற்கே தினமும் பார்க்கிற அதே மலைத்தொடர், ரோடும் அணையும் இல்லாத காலத்தில் எப்படி இருந்தது என்று அதில் பார்க்கலாம்.

ஹாமில்டன் பெரிய வேட்டைக்காரரும்கூட. அவர் சுட்ட விலங்குகளின் கதை 1892-ல் தனிப் புத்தகமாகவே வந்தது. இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு அவர் காலத்தில் வெறும் குறி. இப்படிப்பட்டவரின் படத்தை மாட்டலாமா என்று கேட்டால், என் கருத்து: அவர் வரைந்த மலையை மாட்டுங்கள், துப்பாக்கியோடு நிற்கும் அவரை மாட்ட வேண்டாம். பயணிப் படங்கள் எல்லாவற்றுக்கும் இந்த அளவுகோல் சரியாக வருகிறது. வீரதீர முகம் சீக்கிரம் சலித்துவிடும். இடமும் செடியும் சலிப்பதில்லை.

டேனியல் சித்தப்பாவையும் அண்ணன் மகனையும் பற்றி ஒரு வரி. தாமஸ், வில்லியம் இருவரும் 1792-93-ல் தமிழகம் சுற்றி வரைந்த திருச்சி மலைக்கோட்டை, தஞ்சைப் பெரிய கோயில், பாபநாசம் அருவி எல்லாம் அருமையான வண்ண அச்சுகள். ஆனால் அவை ஓட்டல் லாபிகளில் ஏற்கெனவே போதுமான அளவு தொங்குகின்றன.

லென்ஸை எடுங்கள்

பழைய படம் என்று சொல்லி விற்பதில் புதிதாக அச்சிட்டுப் பழுப்பு ஏற்றியவை நிறைய. இதைக் கண்டுபிடிக்கத் திருப்பூர்க்காரருக்கு வெளியாள் தேவையில்லை. துணியில் இழை எண்ணும் மடக்கு லென்ஸ் எல்லா கம்பெனியிலும் இருக்கிறது. அதைப் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒழுங்கான பூக்கோலமாகத் தெரிந்தால் அது இக்கால ஆப்செட். நம் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஹாஃப்டோன் போடுகிறோமே, அதே முறை. கல்லச்சில் புள்ளி வரிசை இருக்காது. கல்லின் மேல் கிரேயான் ஓடிய மணல் போன்ற, ஒன்றுக்கொன்று பொருந்தாத பொட்டுகள் இருக்கும். டேனியல், பாரன் படங்களின் அக்வாடின்ட் முறையில் மெல்லிய வலைப்பின்னல் தெரியும். தகட்டு அச்சானால் படத்தைச் சுற்றி அழுத்தத்தில் பதிந்த ஒரு சதுரப் பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். வண்ணம் கையால் தீட்டியதென்றால் கோட்டைத் தாண்டி எங்காவது கொஞ்சம் வழிந்திருக்கும். பத்தாயிரம் பீஸில் ஒரு நீடில் லைனைக் கண்டுபிடிக்கும் செக்கிங் பெண்களிடம் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை.

அசலே வேண்டும் என்று அலைய வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். தனித் தாளாகச் சந்தைக்கு வரும் பழைய படங்களில் பல, முழுப் புத்தகத்தைப் பிரித்துத் தாள் தாளாக விற்றவை. அதற்குப் பணம் கொடுத்தால் அடுத்த புத்தகமும் கிழியும். இன்னொரு சிக்கலும் உண்டு. பையருக்குத் தீபாவளிப் பரிசாகப் பழைய அச்சுப்படம் கொடுத்து அனுப்பலாம் என்று சிலருக்கு யோசனை வரலாம். நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளை அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை போட்டிருக்கிறது. பரிசு கொடுக்கப்போய் பையரை விமான நிலையத்தில் மாட்டிவிட வேண்டாம்.

நல்ல நகல் போதும். நகலில் காகிதம்தான் முக்கியம். பல ஆண்டு பழுக்காமல் இருக்கும் காகிதம் மலிவான மரக்கூழில் வராது, பஞ்சில் வரும். வைட் காலத்துக் காகிதமே கந்தல் துணியைக் கூழாக்கிச் செய்ததுதான். அதனால்தான் 180 ஆண்டு கழித்தும் தாள் நொறுங்காமல் இருக்கிறது. இன்றைக்கும் கையால் காகிதம் செய்யும் இந்தியப் பட்டறைகளுக்கு முக்கியமான மூலப்பொருள் பனியன் கட்டிங் வேஸ்ட். திருப்பூர் கட்டிங் டேபிளிலிருந்து மூட்டை கட்டிப் போகும் அதே வேஸ்ட், ஓவியத் தாளாகத் திரும்பி வந்து சுவரில் ஏறுவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

மாட்டும் இடத்தில் இரண்டு எதிரிகள். ஒன்று வெளிச்சம். செக்கிங் டேபிளுக்கு 1,000 லக்ஸ் வெளிச்சம் கேட்பது வழக்கம். அருங்காட்சியகங்கள் காகிதப் படத்துக்கு அனுமதிப்பது 50 லக்ஸ். பையர் ரூமில் சாம்பிள் நிறம் பார்க்கப் போடும் பளீர் விளக்குகளுக்கு நேர்கீழே படத்தை மாட்டினால் வண்ணம் போய்விடும். சந்தேகம் இருந்தால் சாயம் வெளிறுகிறதா என்று பார்க்க லேபில் வைத்திருக்கும் புளூ வுல் பட்டையில் பாதியை மூடிச் சுவரில் ஒட்டி, சில மாதம் கழித்துப் பாருங்கள். அருங்காட்சியகக்காரர்களும் இதே பட்டையைத்தான் வைத்துப் பார்க்கிறார்கள். இன்னொரு எதிரி பஞ்சு. நிட்டிங் யூனிட்டோடு ஒட்டிய ஆபீசில் மின்விசிறி இறக்கையில் எவ்வளவு பஞ்சு படிகிறதோ, அவ்வளவும் பிரேமின் பின்பக்கச் சந்து வழியே உள்ளே போகும். பின்பக்கத்தைக் காகித டேப்பால் முழுக்க அடைக்கச் சொல்லுங்கள். படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. நடுவே மவுண்ட் அட்டை வேண்டும். அந்த அட்டை அமிலம் இல்லாததா என்று கேளுங்கள். பிரேம் கடைக்காரர் விழித்தால், உங்கள் டையிங் மாஸ்டரிடம் ஒரு துண்டைக் கொடுங்கள். பிஎச் பார்ப்பது அவருக்கு அன்றாட வேலை.

வைட்டின் தொகுதிகள் முழுவதும் ஸ்கேன் செய்யப்பட்டு பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் கிடைக்கின்றன. பதிவிறக்கக் காசு இல்லை. நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் காப்புரிமை தீர்ந்தது. வைட் இறந்தது 1872-ல். சுவருக்கு மட்டுமல்ல, டி-ஷர்ட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம். மெல்லிய கோட்டுச் சித்திரம் என்பதால் ஒற்றை நிறத்தில், நெருக்கமான மெஷ்ஷில், அழகாக விழும். பையர் அனுப்பும் ஆர்ட் ஒர்க்குக்குக் காத்திருக்காமல், தானே டிசைன் காட்டி ஆர்டர் பிடிக்க நினைக்கும் இளைய தலைமுறை ஏற்றுமதியாளர்களுக்கு 2,101 ஆர்ட் ஒர்க் காத்திருக்கிறது.

மாட்டப் போகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பிரேம் போடுபவர்கள் மவுண்ட் அட்டையில் ஜன்னல் வெட்டும்போது, செடியை நடுவில் நிறுத்தி, அடியில் இருக்கும் பொடி எழுத்துகளை மறைத்துவிடுவது வழக்கம். ஜன்னலை அரை அங்குலம் கீழே இறக்கி வெட்டச் சொல்லுங்கள். ரங்கையா, கோவிந்து பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன.